பொறுங்கோ அண்ணையின் ஏசிக் கட்டில்

புஜைராவில் எங்கள் கேம்ப் அறையில் ஆறு கட்டில்கள் கிடந்தன. சரியாகச் சொன்னால் ஒரு கட்டிலும் ஐந்து தண்டனைகளும். ஜன்னலில் பொருத்தியிருந்த பழைய ஏசிக்கு நேர் கீழே இருந்ததுதான் கட்டில். அறை முழுவதையும் குளிர வைக்க அந்த ஏசிக்குத் தெம்பு கிடையாது. முதல் கட்டிலில் கொடைக்கானல், மூன்றாவதில் திருச்சி, கதவோரம் ஆறாவதில் அக்கினி நட்சத்திரம். அறைக்கு நான்தான் புதுசு என்பதால் ஆறாவது எனக்கு.

கட்டிலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது எக்ஸிட் அடித்து ஒரேயடியாக ஊருக்குப் போனால் மற்றவர்கள் ஆளுக்கொரு கட்டில் நகர்வார்கள். அப்படிக் கதவோரத்தில் தொடங்கி, ஒவ்வொருவராகப் போகப் போக வருடக்கணக்கில் நகர்ந்து, ஏசிக்குக் கீழே போய்ச் சேர்ந்தவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கம்பெனியில் டைம் கீப்பர். ஊர் நேரத்தையெல்லாம் குறித்து வைக்கிற உத்தியோகம் பார்த்த அந்த மனுஷனுக்கு நேரம் என்று ஒன்று ஓடிக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது. எதற்கும் ஒரே பதில்: "பொறுங்கோ." அதனால் கேம்ப் முழுக்க அவருக்குப் பெயர் பொறுங்கோ அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

அவருக்குச் சமையல் முறை வரும் நாட்களில் நாங்கள் சாயங்காலமே கொஞ்சம் பிஸ்கட் தின்று வைத்துக்கொள்வோம். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, அது தானாக மனம் இரங்கி வேகட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தீயைக் கூட்ட மாட்டார். "அண்ணே, பசி உயிர் போகுது" என்றால், "பொறுங்கோ, பருப்புக்கும் ஒரு மரியாதை இருக்குத்தானே" என்பார். எல்லோரும் கொட்டாவி விட்டு முடித்த பிறகு சோறு வரும். வந்தால், அடடா, அப்படி ஒரு தேங்காய்ப்பால் சொதியை நான் பிறகு எங்கும் சாப்பிட்டதில்லை. என் முறையில் சோறு கரெக்ட் டைமுக்கு வந்துவிடும். அதைத் தவிர அந்தச் சோற்றைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

டவுனில் ஒரு தையல்காரரிடம் கால்சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் போவார். "அடுத்த வாரம்" என்பார் தையல்காரர். இவர் கோபப்படாமல் ஒரு டீ குடித்துவிட்டு, தையல்காரரின் குடும்ப நலம் விசாரித்துவிட்டு வருவார். மாதங்கள் போய்க் கால்சட்டை ஒருவழியாகக் கைக்கு வந்தபோது இடுப்பில் ஏறவில்லை. அறையே சிரித்தது. அவர் அதை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்.

"பொறுங்கோ," என்றார். "மெலிவன்."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருடைய பொறுமையை நாங்கள் கேலி செய்ததில்லை. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வருவது நிச்சயமில்லாமல் இருந்தது. தபால் வரும் நாளில் கேம்ப் ஆபீஸ் வாசலில் நிற்பார். வரவில்லை என்றால் சட்டைப்பையைத் தடவிவிட்டுத் திரும்பி வருவார். அன்றைக்கு யாரும் "பொறுங்கோ" என்று அவரைக் கிண்டலாகக் கூப்பிட மாட்டோம். செல்லையா எழுந்து போய் டீ போட்டுக் கொடுப்பான். அவ்வளவுதான்.

செல்லையா பரமக்குடிப் பக்கத்துக்காரன், வெல்டர், எனக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுப்பவன். பார்த்த முதல் நாளே என்னை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவனுக்குத் தங்கை யாரும் இல்லை என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் பாஸ்கெட்பால் ரசிகர்கள் ஆன கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. கம்பெனி பஸ் மத்தியானம் எங்களை டவுனில் இறக்கிவிட்டுப் பொழுது சாயும்போது அள்ளிக்கொண்டு போகும். இடையில் வெயிலுக்கு எங்கே ஒதுங்குவது? டவுன் கிளப்பில் ஒரு உள்ளரங்கம் இருந்தது. அனுமதி இலவசம். ஏசியோ, எங்கள் அறை ஏசிக்குப் பெரியப்பா. உள்ளே என்ன நடக்கிறது என்பது எங்களுக்கு அப்புறம்தான். கல்யாணமோ கண்காட்சியோ எது நடந்திருந்தாலும் அதற்கு ரசிகர்களாகியிருப்போம். நடந்தது பாஸ்கெட்பால்.

முதல் நாள் ஸ்கோர் பலகையைப் பார்த்துவிட்டு நான் பிரமாதமாகக் குதூகலித்தேன். எண்கள் அரபியில் இருந்தன. அரபியில் ஐந்து என்பது நம் சைபர் மாதிரி வட்டமாக இருக்கும் என்று புதிதாக வந்த எனக்கு யார் சொன்னார்கள்? எதிரணி ஐம்பத்தைந்து எடுத்திருந்தது. எனக்குத் தெரிந்தது இரண்டு சைபர்.

"அண்ணே, அவனுக இன்னும் கணக்கே தொடங்கலண்ணே!"

"ஓமோ? நல்லது," என்றார் பொறுங்கோ அண்ணை.

நான் விசில் அடித்தேன். எழுந்து ஆடினேன். பக்கத்து வரிசை அரபிகள் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலக் கவலையோடு பார்த்தார்கள். பஸ் ஏறிய பிறகுதான் செல்லையா உண்மையைச் சொன்னான்.

"ஏண்ணே, உங்களுக்குத் தெரியும்தானே? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று அண்ணையிடம் எகிறினேன்.

"நீர் சந்தோசமா இருந்தீர், தம்பி," என்றார்.

அந்த சீசன் கிளப் ஒரு காரியம் செய்திருந்தது. சம்பளம் கொடுத்து வைத்திருந்த பழைய ஆட்களை, ஒட்டகம் போல உயரமாக இருந்த சூரர்களை, மொத்தமாக அனுப்பிவிட்டு மீசை முளைக்காத பையன்களை இறக்கியிருந்தது. அணியைப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம், மூன்று வருடத்தில் இந்தப் பையன்கள் கோப்பை வாங்கித் தருவார்களாம். எகிப்துக்காரக் கோச் அப்படிச் சொன்னதாக, நாங்கள் வேலை செய்த துறைமுக வாசலில் கடை வைத்திருந்த மலையாளி எங்களுக்குச் சொன்னார். பையன்கள் தோற்றார்கள். மறுபடியும் தோற்றார்கள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு விதமாகத் தோற்பதில் அவர்களுக்கு அபாரக் கற்பனை இருந்தது.

கேலரியில் எங்கள் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிடு என்கிற கட்சிக்கு நான் தலைவர், செல்லையா பேச்சாளர். பொறுங்கோ கட்சியில் ஒரே உறுப்பினர். யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

"மூணு வருசம் பொறுன்னா எப்படிண்ணே? என் விசாவே ரெண்டு வருசம்தான்!" என்பான் செல்லையா. "நான் ஊருக்குப் போனப்புறம் அவனுக கப்பு வாங்கி என்ன, சட்டி வாங்கி என்ன?"

"அப்ப விசாவைப் புதுப்பியும்."

"பாஸ்கெட்பாலுக்காகவா? என் பொண்டாட்டி கேட்டா என்ன சொல்றது?"

"கொஞ்சம் பொறுக்கட்டும் எண்டு சொல்லும்."

நான் குறுக்கே விழுவேன். "அந்த ஏழாம் நம்பரைப் பாருங்கண்ணே. கைக்குப் பந்து வந்தா பயந்துபோய் அடுத்தவன்கிட்ட குடுக்குறான். எதிராளி கேட்டாக்கூடக் குடுத்துருவான் போல!"

"பெடியன் இப்பதானே தொடங்கியிருக்கிறான். பயம் போகத் தானே வேணும்? போகும்."

"நீங்க எப்பவாச்சும் இதை ஆடியிருக்கீங்களாண்ணே?"

"கல்லூரி டீமில இருந்தனான்."

நாங்கள் அசந்துபோனோம். இத்தனை நாள் சொல்லவில்லையே! "எந்த இடத்துல ஆடுனீங்க?"

"பெஞ்சில. கடைசி வருசம் கடைசி மேட்ச்சில 'இறங்கு' எண்டு மாஸ்டர் சொன்னவர். சப்பாத்துக் கயிறைக் கட்டிக்கொண்டு எழும்பினன்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள விசில் ஊதிப்போட்டான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. பெஞ்சிலிருந்து ஆட்டம் நன்றாகத் தெரியும் என்று வேறு சொன்னார்.

இந்தச் சண்டையில் இன்னொரு வேடிக்கை என்னவென்றால், நாங்கள் எந்த ஆட்டத்தையும் கடைசிவரை பார்த்ததில்லை. பஸ் டிரைவர் கான் பாய், பெஷாவர் பக்கத்துப் பட்டாணி, மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்குக் கேம்ப் பள்ளிவாசலில் இருந்தாக வேண்டும் என்பார். ஆட்டம் சூடாகிற நேரத்தில் வெளியே ஹார்ன் அலறும். "சலோ பாய், ஜல்தி! யல்லா!" நாங்கள் அடித்துப் பிடித்து ஓடுவோம். விட்டால் பாலைவன ரோட்டில் நடைதான். பஸ்ஸில் கான் பாயைத் தமிழில் திட்டிக்கொண்டே போவோம். சனிக்கிழமை காலையில் மலையாளி ரிசல்ட் சொல்வார். "தோற்று" என்று ஒரே மலையாள வார்த்தை. ஆட்டத்தின் தலைவிதியைப் பற்றி அப்படி ஆவேசமாக விவாதித்த நாங்கள் அதன் கடைசிப் பகுதி எப்படி இருக்கும் என்றே அறியாதவர்கள்.

மாசி முடிந்து வெயில் தலைகாட்டியது. இரவில் என் கதவோரத்துக் கட்டில் கொதிக்கத் தொடங்கியது. அன்றைக்கு வெந்து புழுங்கி எழுந்து உட்கார்ந்தேன். அந்தக் கோடியில் பொறுங்கோ அண்ணை குளிருக்குப் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு தூங்கியதைப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் பேச்சு மறுபடி பையன்களைப் பற்றி வந்தபோது என் வயிற்றெரிச்சல் வாய்க்கு வந்துவிட்டது.

"ஏசிக்கு அடியில படுத்துக்கிட்டு யார் வேணா பொறுமையைப் பத்திப் பேசலாம்ணே! அந்தப் பையன்க இந்த சீசன்ல ஒரு மேட்ச், ஒரே ஒரு மேட்ச் ஜெயிப்பானுகன்னு நம்பி உங்களால எதையாச்சும் பணயம் வைக்க முடியுமா? சும்மா பொறுங்கோ பொறுங்கோன்னா?"

அவர் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினார். வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார்.

"சரி," என்றார். "என்ர கட்டில்."

செல்லையா வாயில் வைத்த பிஸ்கட்டை வெளியே எடுத்தான்.

"ஒரு மேட்ச்சும் வெல்லாட்டி நான் கதவடிக்குப் போறன். நீர் இஞ்ச வாரும். வெண்டா, நீர் என்ன தாறீர்?"

என்னிடம் என்ன இருக்கிறது? என் கட்டிலைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். செல்லையாதான் தீர்ப்புச் சொன்னான்: பையன்கள் ஜெயித்தால் கோடைக்காலம் முழுவதும் அண்ணையின் சமையல் முறையையும் நானே செய்ய வேண்டும். சொன்ன பிறகுதான் தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது அவனுக்கு உறைத்தது. பையன்கள் ஜெயித்தால் அறைக்கு நேரத்துக்குச் சோறு, ஆனால் என் கைச்சோறு. தோற்றால் நள்ளிரவு வரை பட்டினி, ஆனால் சொதி. யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் மற்ற நான்கு பேரும் அன்று முதல் நடுநிலை வகித்தார்கள்.

எனக்கு அந்தக் குழப்பமே இல்லை. உலகத்திலேயே தன் அணி தோற்க வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்ட ஒரே ரசிகன் நானாகத்தான் இருப்பேன். பையன்களும் என் வேண்டுதலுக்கு மனப்பூர்வமாக ஒத்துழைத்தார்கள். சனிக்கிழமைதோறும் மலையாளியின் "தோற்று" என் காதில் தேனாகப் பாய்ந்தது. ஊருக்குக் கடிதம் எழுதும்போது, "விரைவில் எனக்குப் பதவி உயர்வு போல ஒன்று கிடைக்கவிருக்கிறது" என்றுகூட எழுதிவிட்டேன். அம்மா கோயிலில் அர்ச்சனை செய்ததாகப் பதில் வந்தது.

கடைசி மேட்ச் வந்தது. துபாயிலிருந்து வந்திருந்த அணி. ஆளைப் பார்த்தாலே பயமாக இருந்தது. நான் தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. பையன்களுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, ஓடினார்கள். விழுந்தார்கள். எழுந்து மறுபடி ஓடினார்கள். அந்த ஏழாம் நம்பர் பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே கொண்டுபோய்க் கூடையில் போட்டான். போட்டுவிட்டு, செய்தது தான்தானா என்று திரும்பிப் பார்த்தான். எதிரணி முந்தியது. இவர்கள் எட்டிப் பிடித்தார்கள். மறுபடி முந்தியது. மறுபடி பிடித்தார்கள். எனக்கு அரபி எண்கள் இப்போது நன்றாகப் படிக்க வரும். பலகையில் இரண்டு பக்கமும் ஒரே எண்.

வெளியே ஹார்ன் அலறியது.

எல்லோரும் எழுந்தார்கள். பொறுங்கோ அண்ணையும் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். நான் எழவில்லை. கணக்குப்படி பார்த்தால் எனக்கு அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. தோற்றுவிடுவார்கள், கட்டில் என்னுடையது, நாளைக்கு மலையாளி சொல்வார். ஆனால் என் பின்பக்கம் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"மாப்ள, வாய்யா!"

"நான் வரல."

"பஸ் போயிரும்யா! நடந்தா வருவே?"

"போகட்டும். நீ போ."

அண்ணை என் பக்கம் குனிந்தார். "தம்பி, வாரும். நாளைக்குக் கடைக்காரன் சொல்லுவான்தானே?"

எனக்கு வந்ததே கோபம். "உங்க கட்டிலுண்ணே! உங்க கட்டில் அங்க உருண்டுக்கிட்டிருக்கு! உங்களுக்குப் பதறவே பதறாதா?"

"கட்டில் எங்க ஓடப்போகுது?" என்றார். என்னை ஒருமுறை பார்த்தார். ஏதோ யோசித்தவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டு மற்றவர்களோடு வெளியே போய்விட்டார்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு சீசன் முழுக்க அறியாத அந்தக் கடைசிப் பகுதி என் கண் முன்னால் நடந்தது. நேரம் முடியப்போகிற சமயத்தில் ஏழாம் நம்பரை யாரோ தள்ளிவிட, நடுவர் விசில் ஊதினார். யாரும் மறிக்காமல் எறிய இரண்டு தனி வீச்சு. ஸ்கோர் இன்னமும் சமம். பையன் கோட்டில் வந்து நின்றான். முதல் பந்தை அவசரமாக எறிந்தான். அது இரும்பு வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. அரங்கமே தலையில் கை வைத்தது. என் கட்டில் என்னை நோக்கி ஒரு அடி வந்தது.

பையன் இரண்டாவது பந்தை வாங்கி உடனே தூக்கினான். அப்போது அரங்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"பொறுடா! டேய், பொறு! அவசரப்படாதே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது நான். எழுந்து, நாற்காலி மேலே ஏறி நின்றிருந்தேன். பையனுக்குத் தமிழ் எங்கே தெரியும்? ஆனால் எவனோ பைத்தியம் கத்துகிறான் என்று திரும்பிப் பார்த்தான். பார்த்ததில் ஒரு மூச்சு விட்டான். பந்தைத் தரையில் மெதுவாகத் தட்டினான். எறிந்தான்.

விழுந்தது.

எதிரணியின் கடைசி வீச்சு வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே போனது. விசில். அதற்கப்புறம் நடந்தது எனக்குக் கோர்வையாக நினைவில்லை. முன்வரிசையிலிருந்த ஒரு அரபிப் பெரியவரை நான் கட்டிப்பிடித்துத் தூக்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் தலைத்துணி என் தலைமேல் விழுந்தது. அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். கட்டில் போனதும், கோடைக்கால அடுப்படி வந்ததும் அவரைத் தரையில் இறக்கிவிட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பாலைவன ரோட்டில் நடக்கத் தயாராகி வெளியே ஓடி வந்தேன். பஸ் அங்கேயே நின்றது. இன்ஜின் அணைந்திருந்தது. படிக்கட்டில் பொறுங்கோ அண்ணை உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"கான் பாய் எங்கண்ணே?"

"கிளப்புக்குப் பின்னால ஒரு பள்ளிவாசல் இருக்கு. அங்க தொழுங்கோ, நாங்கள் நிப்பம் எண்டு சொன்னன். ஓம் எண்டிட்டுப் போனார்."

நான் வாயைப் பிளந்தேன். "இவ்வளவுதானா? இத்தனை மாசமா இதை ஏண்ணே சொல்லல?"

"இதுக்கு முன்னம் வரமாட்டன் எண்டு ஒருத்தரும் நிக்கேல்லையே, தம்பி. ஹார்ன் அடிச்சவுடன எல்லாரும் ஓடினியள். உங்களுக்கு அவ்வளவு விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன்."

செல்லையா ஜன்னலில் தலையை நீட்டினான். "மாப்ள! என்னய்யா ஆச்சு? சொல்லித் தொலை!"

அந்த ஒரு நிமிஷம் ரிசல்ட் தெரிந்த ஒரே ஆள் நான்தான். காலையில் மலையாளி சொல்லும்வரை ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, கொடைக்கானலில் படுத்துவிடலாமே என்று சபலம் தட்டியது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"தோத்துட்டானுகப்பா," என்றேன், சோகமாக.

பொறுங்கோ அண்ணை ஒரு கடலையை உடைத்தார். "தோத்தவங்கட ஆள் பல்லு முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டே ஓடி வருவானோ?" என்றார். "தம்பி, நாளைக்கு என்ர முறை. பருப்பை வெள்ளன வையும்."

பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். சிலர் நேரத்துக்குச் சோறு என்று சிரித்தார்கள், சிலர் என் கைச்சோறு என்று புலம்பினார்கள், எல்லோரும் தகரத்தைத் தட்டினார்கள். அப்போது கான் பாய் தொழுது முடித்துக் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார். சீசன் முழுக்க உள்ளே எட்டிக்கூடப் பார்க்காதவர், சத்தத்தைக் கேட்டு நின்றார்.

"கோன் ஜீத்தா பாய்?" என்று கேட்டார். யார் ஜெயித்தது என்று.

அந்த பஸ்ஸில் அன்றைக்குத் தோற்றவன் ஒருவன்தான். மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டு, நாங்கள்தான் என்று தொண்டை கிழிய அவன்தான் கத்தினான்:

"ஹம் ஜீத்தா! ஹம்!"